திருமணி கற்றுத்தந்த பாடம்

பொத்தேரியில் மின்சார ரயில் ஏறித் தெற்கே போனால் காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் தாண்டிப் பரனூர் வரும். பொத்தேரியில் மருத்துவக் கல்லூரியும் பெரிய மருத்துவமனையும் இருக்கின்றன. பரனூரில் தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்கான அரசு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில், 1955இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட தொழுநோய் ஆய்வு நிலையம் இருக்கிறது. நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும்போது ஒரு மனிதர் எப்படி முழுதாக வாழ்வது என்ற கேள்விக்கு இந்தச் சிறு தூரத்துக்குள் ஒரு நீண்ட வரலாறு உண்டு. பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தசைச்சிதைவு போன்ற நோய்களோடு வாழ்கிறவர்களுக்கு அந்த வரலாறு இன்று தேவைப்படுகிறது.

தொழுநோயைத் தோல் நோயாகவே ஊர் பார்த்தது. கிருமி உண்மையில் குடியேறுவது நரம்புகளிலும்தான். கை மரத்துப்போகும், விரல்கள் மடங்கும், பாதத்தில் புண் வரும். தொழுநோய் கண்டவர்களை மனிதராகப் பார்க்காத 1898ஆம் ஆண்டுச் சட்டம், பிச்சையெடுக்கும் தொழுநோயாளியைப் பிடித்து அடைத்துவைக்க வழி செய்தது. அது முழுவதும் நீங்க 2016 வரை ஆயிற்று.

1947இல் பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் இதே திருமணியில் இருந்த செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்கு வந்தார். கொல்லிமலையில் பிறந்தவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்தவர். இல்லத்தைச் சுற்றிக்காட்டியவர், தொழுநோய் மருத்துவத்தில் பேர்பெற்ற ராபர்ட் காக்ரேன். விரல் மடங்கிப்போன ஒருவரிடம் பிராண்ட் தன் கையை நீட்டி, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலுவே இருக்காது என்று நினைத்தவருக்கு வலியில் கத்தும் அளவுக்குப் பிடி விழுந்தது. உள்ளங்கைத் தசைகள்தாம் செயலிழந்திருந்தன. முன்கைத் தசைகள் நல்ல நிலையில் இருந்தன. போனது எது, மிஞ்சியது எது என்று அதுவரை யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில்லை. மறு ஆண்டே வேலூரில், நல்ல தசையின் நாணை எடுத்து மடங்கிய விரலுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சை தொடங்கியது.

நோயே விரல்களைத் தின்றுவிடுகிறது என்ற நம்பிக்கையும் அப்போதுதான் உடைந்தது. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்கப் பிராண்ட் திணறியபோது, தொழுநோய் கண்ட ஒரு சிறுவன் வந்து சாவியை ஒரே திருப்பாகத் திருப்பித் திறந்துவிட்டான். அவன் விரலில் எலும்பு தெரியும் அளவுக்குக் காயம். அவனுக்குத் தெரியவே இல்லை. வலி தெரியாததால் நோயாளிகள் சூடான பாத்திரத்தைப் பிடித்தார்கள், தூக்கத்தில் எலி கடித்தும் விழிக்காமல் கிடந்தார்கள். அதனால் வீடு திரும்பும் நோயாளிகளோடு பூனைக்குட்டியும் அனுப்பிவைக்கப்பட்டது. கால்களுக்கு எம்.சி.ஆர். என்ற மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பு வந்தது. தினமும் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, புண் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வந்தது. மருந்து கிருமியைக் கொன்ற பிறகும் மரத்துப்போன இடம் மரத்தே இருக்கிறது. அந்த உடம்போடு ஒவ்வொரு நாளையும் வாழக் கற்றதே பெரிய வெற்றி.

அதுவும் போதவில்லை. கை நேராகித் திரும்பியவர்களில் சிலர் மறுபடி வந்து நின்றார்கள். இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போடவில்லை, வேலையும் கொடுக்கவில்லை, தங்க இடமும் கிடைக்கவில்லை என்றார்கள். அதன் பிறகு 1951இல் வேலூரில் நவஜீவ நிலையம் எழுந்தது. குடியிருப்போடு தச்சுவேலை போன்ற தொழில்களும் அங்கே கற்றுத்தரப்பட்டன. கையைச் சரிசெய்வது மருத்துவரால் முடியும், அந்தக் கைக்கு வேலை கொடுப்பது ஊரால்தான் முடியும்.

பிராண்டின் மாணவி மேரி வர்கீஸ் 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். வீல்சேரில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, 1966இல் வேலூரில் அதற்கெனத் தனி மையம் அமையக் காரணமானார்.

இன்றைய நரம்பு, தசை நோய்கள் பலவற்றுக்குத் தீர்க்கும் மருந்து இல்லை. அதனாலேயே குடும்பங்கள் வாழ்க்கையைத் தள்ளிப்போடுகின்றன. கைத்தடி வேண்டாம், வீல்சேர் வேண்டாம், பயன்படுத்தினால் தோற்றதாகிவிடும் என்று எண்ணுகின்றன. ஆனால் வீல்சேரில் போய்ச் சேர்ந்தால், நடந்தே தீர்ந்துபோகும் தெம்பு வேலைக்கு மிஞ்சும். சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி சகோதரிகள் தசைச்சிதைவோடு வாழ்ந்துகொண்டே ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, அதே நோய் கண்ட மற்றவர்களுக்குத் துணை நின்றார்கள். குணமாகட்டும் என்று காத்திருந்தால் அது நடந்திருக்காது.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 ஆக்கியது. பார்க்கின்சனும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் அதில் இடம்பெற்றன. பணியில் இருக்கும்போது ஊனம் வந்த அரசு ஊழியரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது 20ஆம் பிரிவு. ஆனால் வேலை இடஒதுக்கீட்டைச் சொல்லும் 34ஆம் பிரிவில் தசைச்சிதைவு இருக்கிறது, பார்க்கின்சனும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் இல்லை. சலுகைகளுக்கான 40 சதவீத அளவுகோலும் இந்த நோய்களுக்குப் பொருந்திவருவதில்லை. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பார்க்கின்சன் உள்ளவர் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார். மாத்திரையின் வேகம் இறங்கியதும் நாற்காலியைவிட்டு எழ முடியாது. எந்த நேரத்தில் அளந்து சான்று கொடுப்பது?

இடஒதுக்கீட்டுப் பட்டியலை விரிவாக்க வேண்டும். ஒரு நாளின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் சேர்த்துப் பார்த்துச் சான்று தர வேண்டும். நோய் முன்னேறும்போது அலையவிடாமல் அந்தச் சான்றைத் திருத்தித் தர வேண்டும். பொத்தேரியின் மருத்துவமனை, திருமணியின் அனுபவம், முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் ஆகிய மூன்றும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து, நோய் உறுதியான வாரத்திலேயே வேலை, வீடு, பயணம் மூன்றையும் பற்றி ஆலோசனை தரத் தொடங்கலாம். மிஞ்சியிருக்கும் வலுவை முதலில் கணக்கிட்டு, அதைச் சுற்றி வாழ்க்கையை அமைக்கும் வழியை இந்த மண் 1947இலேயே கண்டுகொண்டது. அடுத்த நோயாளியிடம் அந்த அறிவைக் கொண்டு சேர்ப்பது நம் கடமை.