தமிழில் கற்றவன் தாழ்ந்து நிற்பதா?

புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசலுக்கு அருகே, சித்தன்னவாசல் அறிவர் கோயிலில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலின் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்த செய்தியை அது கூறும். கற்பித்தவன் பெயரைக் கல்லிற் பொறித்துப் போற்றிய மண் இது!

அம்மண்ணிற் கற்றவன் இன்று பெறும் மதிப்பு யாது? ஊர்ப்பள்ளியில் தமிழில் படித்துப் பொறியியற் பட்டமும் பெற்ற இளைஞன், சென்னையிலோ ஓசூரிலோ பெருநிறுவனம் ஒன்றிற் சேர்கிறான். எந்திரம் பழுதுற்றால் அவனைத்தான் தேடுகின்றனர். பொறுப்புயர்வு வரும் நாளிலோ, அவன் வகுத்த திட்டத்தை ஆங்கிலத்தில் ஒப்பித்தவனுக்கே நாற்காலி! பத்தாண்டு கழிந்தும் அவன் நுழைந்த இடத்திலேயே நிற்கிறான். குறை தன்னிடமே உள்ளதென நம்பிக் குமைகிறான். எல்லாக் கேட்டினும் பெருங்கேடு அந்நம்பிக்கையே.

குறை அவனிடம் இல்லை. அறிவை அளக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஒலிப்பை அளக்கின்றார்களே, அந்த அளவுகோலே கோணல். அயல்நாட்டாரோடு பேச ஆங்கிலம் வேண்டாவா என்பர். வேண்டும் பணிக்கு வேண்டுவோர் கற்கட்டும். ஓசூர்த் தொழிற்கூடத்தில் தமிழனும் தமிழனும் பேச அஃது எதற்கு?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதற்கில்லை. தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. அவ்வாண்டே அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழிற் கற்பிக்கத் தொடங்கியது. ஆயின், அச்சட்டம் தனியார் வாயிலைத் தொடவில்லை. வேலை தராத வழியில் மாணவர் எங்ஙனம் வருவர்? சேர்க்கை குன்றியதென்று 2023-இல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அவ்வகுப்புகளை நிறுத்த அறிவிப்பே வந்தது. எதிர்ப்பெழுந்த பின்னரே அது திரும்பப் பெறப்பட்டது.

கனடாவின் கியூபெக்கு மாநிலம் 1977-இல் பிரெஞ்சுமொழிப் பட்டயத்தைச் சட்டமாக்கியது. தாய்மொழியிற் பணிபுரிவது அங்கே தொழிலாளியின் உரிமை. பணிக்கு இன்றியமையாததென்று மெய்ப்பித்தாலன்றி வேறுமொழி அறிவை முதலாளி கேட்டல் கூடாது. பிரெஞ்சுக்காரனுக்கு இயன்றது தமிழனுக்கு ஏன் இயலாது?

தமிழக நிலமும் நீரும் மின்னாற்றலும் பெறும் நிறுவனங்கள், பணித்தேர்வையும் உயர்வுத்தேர்வையும் தமிழிலும் நடத்துமாறு சட்டம் வேண்டும். தமிழுணர்வாளர்க்கும் ஒரு கடமை உண்டு. சொல்லாக்கத்தோடு நில்லாமல், தொழிற்கூடத்தான் கையில் வைத்தாளும் நூல்களை அவர்கள் எழுதித் தரவேண்டும். மேடையில் வாழும் மொழி சோறு போடாது. பட்டறையிலும் அலுவலகத்திலும் வாழும் மொழியே தன் மக்களை நிமிரச் செய்யும்.