வண்டி பழகும் கணவரைக் கேலி செய்யலாமா?

ஒரு பெண் ஸ்கூட்டி பழகினால், "பயப்படாதம்மா, மெதுவா ஓட்டு" என்று தைரியம் சொல்ல நாலு பேர் வருவார்கள். அதுவே நாற்பது வயதைத் தொட்ட ஓர் ஆண் பைக் பழக ஆரம்பித்தால், "இந்த வயசுல இப்பத்தானா?" என்று தெருவே சிரிக்கிறது. ஆம்பிளை என்றால் பிறக்கும்போதே கியர் போடத் தெரிந்திருக்க வேண்டுமா என்ன? இந்தக் கேலிதான் பல குடும்பங்களுக்கு ஆபத்தைக் கொண்டு வருகிறது என்பது என் அபிப்ராயம். கேலிக்குப் பயந்து, அரைகுறையாகப் பழகிக்கொண்டு, "எல்லாம் எனக்குத் தெரியும்" என்று மெயின் ரோட்டில் இறங்கிவிடுகிறார்கள். பின்னால் உட்காருவது யார்? நாமும் நம் பிள்ளைகளும்தானே!

என் கணவருக்கு வயது 39. ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறார். சைக்கிளும் டவுன் பஸ்ஸும் போதும் என்று இருந்தவர். மில் குடோனை 14 கிலோமீட்டர் தள்ளி மாற்றிவிட்டார்கள். வேலை முடிகிற நேரத்துக்குத் திரும்பி வர பஸ் கிடையாது. வேறு வழியில்லாமல் பழைய 100 சி.சி. பைக் ஒன்று வாங்கினோம். சொந்தக்காரப் பையன்கள், "மாமா, நேரா ரோட்டுக்குக் கொண்டு வாங்க, ரெண்டு நாள்ல வந்துரும்" என்றார்கள். என் மாமியார், "முதல்ல பொண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு குலதெய்வம் கோயிலுக்குப் போயிட்டு வா சாமி" என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. "லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் நானும் ஏற மாட்டேன், பிள்ளைகளையும் ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். புருஷனை நம்பாதவள் என்று பேர் வாங்கினேன். வாங்கினால் வாங்கிவிட்டுப் போகிறேன்! பக்கத்துத் தெருவில் ஒருவர், வண்டி வாங்கிய பத்தாம் நாளே மனைவியை உட்கார வைத்து விசேஷத்துக்குக் கிளம்பினார். வேகத்தடையில் வண்டி தடுமாறியது. ஒருக்களித்து உட்கார்ந்திருந்த அந்த அக்கா விழுந்து, தலையில் அடிபட்டு, ஆஸ்பத்திரி போகும் முன்பே இறந்துவிட்டார். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு பதறும்.

நம்பிக்கை வேறு, கைப்பழக்கம் வேறு சகோதரிகளே! நான் சொன்னதைத்தான் சட்டமும் சொல்கிறது. எல்.எல்.ஆர். மட்டும் வைத்திருப்பவர், லைசென்ஸ் உள்ள, ஓட்டச் சொல்லித்தருகிற ஆளைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. அந்த எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஓட்டிக் காட்டலாம். அதுவரை வெள்ளையில் சிவப்பு 'எல்' எழுத்தை முன்னும் பின்னும் ஒட்டியிருக்க வேண்டும். என் கணவருக்கு அதை ஒட்டத்தான் ரொம்ப வெட்கம். "பசங்க சிரிப்பாங்க" என்றார். "சிரிச்சுட்டு ஒதுங்கிப் போவாங்க. நமக்கு அதுதானுங்க வேணும்" என்றேன். ஒட்டிக்கொண்டார்.

சொல்லிக்கொடுக்கிறவர் யார் என்பதும் முக்கியம். நக்கலடிக்கிற மச்சினனும் கத்துகிற சிநேகிதனும் வேண்டவே வேண்டாம். எங்கள் தெருக்கோடியில் பல வருஷமாகப் பைக் ஓட்டுகிற பெரியவர் ஒருவரைக் கேட்டுக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஊர்ப் பொட்டலில் பாடம். முதல் நாள் அவர் இன்ஜினையே ஸ்டார்ட் செய்ய விடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது, ஸ்டாண்ட் போட்டு எடுப்பது, பிரேக் பிடித்து நிறுத்துவது, அவ்வளவுதான். அடுத்த வாரம் முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டு, பத்தடி போய் நிற்பது. 'எட்டு' போடுவதற்கு நானே கோலமாவு எடுத்துப் போய்ப் பெரிய எட்டாக வரைந்து கொடுத்தேன். முன் சக்கரத்தையே பார்த்தால் வண்டி தள்ளாடும், போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் தானாகத் திரும்பும் என்றார் பெரியவர். ஐந்தாவது வாரம் கோலத்தை அழிக்காமல் எட்டுப் போட்டுவிட்டார் இவர்.

பிரேக் விஷயத்தையும் சொல்ல வேண்டும். இவர் பயத்தில் பின் பிரேக்கை மட்டுமே மிதிப்பார். முன் பிரேக்குக்குத்தான் நிறுத்தும் பலம் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் சீக்கிரம் நிற்கும். ஆனால் மணலிலும், ஈர ரோட்டிலும், திருப்பத்திலும் முன் பிரேக்கைச் சடாரென்று பிடித்தால் வழுக்கிவிடும். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் பிரேக்குக்கு உதவுகிற வசதி ஏதாவது ஒன்று கட்டாயம். எங்களுடையதைப் போன்ற பழைய வண்டியில் கையும் காலும்தான் பழக வேண்டும்.

வண்டி ஓட்டுவது அவர் என்றாலும், நம் பங்கும் இருக்கிறது. அவர் ரோட்டில் இருக்கும் நேரத்தில் "எங்க வர்றீங்க?" என்று போன் அடிக்காதீர்கள். காலையில் டிபனைத் தாமதமாகக் கொடுத்துவிட்டு, பறந்து போக வைக்காதீர்கள். பின்னால் உட்கார்ந்துகொண்டு "ஐயோ பஸ்ஸு!" என்று தோளைப் பிடித்து உலுக்காதீர்கள். ஓடுகிற வண்டியில் குடை விரிக்கவே கூடாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் கம்பி வண்டியில் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். எங்கள் பழைய வண்டியில் அது இல்லை. முதல் செலவே அதை மாட்டியதுதான். கிளம்பும்போது சைடு ஸ்டாண்ட் எடுத்தாயிற்றா என்று பார்ப்பது இன்றைக்கும் என் வேலை.

ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். பின்னால் இருக்கும் தலையும் தலைதான். ஓட்டுபவர், உட்காருபவர் இருவரும் கட்டாயம் போட வேண்டும் என்று 2015 ஜூலை 1 முதல் நம் மாநிலத்தில் ஐகோர்ட் உத்தரவே உண்டு. போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததை விற்கவே கூடாது. கல்யாணப் புடவைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிற நாம், ஹெல்மெட்டுக்கு மட்டும் பிளாட்பாரத்தில் பேரம் பேசலாமா? வாரைப் பூட்டாமல் போடுவதும் போடாததும் ஒன்றுதான்.

பழைய வண்டி வாங்கினால் ஆர்.சி. புத்தகத்தை உடனே கணவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். வண்டிக்குச் சொந்தக்காரர் தன் வண்டியை ஓட்டும்போது விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்ச ரூபாய் கிடைக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது. அதற்கு வண்டி அவர் பெயரில் இருக்க வேண்டும், செல்லுபடியாகிற லைசென்ஸும் வேண்டும். இது பல பெண்களுக்குத் தெரிவதில்லை.

இவருக்கு லைசென்ஸ் வந்து 8 மாதம் ஆகிறது. குலதெய்வம் கோயிலுக்கு நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில்தான் போய்வந்தோம். பைக்கில் பின்னால் ஒருவர்தான் உட்காரலாம், நாலு பேர் தொற்றிக்கொள்ள அது மாட்டு வண்டி இல்லையே! மாமியார் முதலில் முணுமுணுத்தார். இப்போது "ஹெல்மெட் எடுத்தியா சாமி?" என்று மகனை முதலில் கேட்பவரே அவர்தான்.

உங்கள் வீட்டுக்காரர் வண்டி பழகுகிறாரா? "உங்களுக்கெல்லாம் வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தை அவரை அவசரப்பட வைத்துவிடும். "இன்னும் ஒரு வாரம் பொட்டல்லயே ஓட்டுங்க, நான் கூட வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

- ஒரு வாசகி, திருச்செங்கோடு.