பயிற்சி கொடுத்தவர் போன பிறகும் வேலை நடக்கணும்



நமக்குத் தெரிந்த கிறிஸ்துவ நண்பர்கள் சிலர் கம்போடியாவுக்குப் போய், கிராமத்துப் போதகர்களுக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்காங்க. அந்தப் படங்களைப் பார்த்து நம்ம ஆலய வாட்ஸ்அப் குழுவில் சிலர் கோபப்பட்டீங்க. மதமாற்றம் நம்ம குடும்பங்களிலும் மனக்கசப்பை உண்டாக்கிய விஷயம்தான். எங்களுக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் கோபத்தால் நம்ம ஆலயத்துக்கு ஒரு பலனும் இல்லை. அவங்க எப்படி வேலை செய்றாங்க என்று பார்க்கணும்.

கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சி எல்லா மதத்தையும் ஒடுக்கியது. புத்த பிக்குகளும் கிறிஸ்துவப் போதகர்களும் ஏராளமாக உயிரிழந்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போன நாடு அது. அதனால் ஊர்க்காரர்களையே தயார் பண்றாங்க. போனவங்க அங்கேயே தங்கிப் பிரசங்கம் பண்ணல. உள்ளூர் ஆளிடம் வேலையைக் கொடுத்துட்டு வந்துட்டாங்க.

இது புதுசு இல்லை. சீனாவில் ஊழியம் செய்த ஜான் நீவியஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1890-இல் கொரியாவுக்குப் போனார். அங்கிருந்த இளம் மிஷனரிகளுக்கு இரண்டு வாரம்தான் பாடம் எடுத்தார். உள்ளூர்க்காரர்களே நடத்தணும், அவங்க சக்திக்கு ஏற்ற கட்டடத்தை அவங்க காசிலேயே கட்டணும், வெளிநாட்டுப் பணத்தை நம்பக்கூடாது என்பதுதான் அவர் சொன்னது. இன்று வெளிநாடுகளுக்கு அதிகமாக மிஷனரிகளை அனுப்பும் நாடுகளில் தென்கொரியாவும் ஒன்று. இரண்டு வாரத்தில் அது நடக்கல. கேட்டவங்க விடாமல் செய்ததால் நடந்தது.

தொழிற்சாலையில் வேலை செய்கிறவங்களுக்கு இது நல்லாவே புரியும். புது மெஷின் வந்தால் விற்ற கம்பெனி ஆள் வந்து சில நாள் பழக்கிவிடுவார். அவர் பக்கத்தில் நிற்கும்போது மெஷின் ஓடுவது பெரிசில்லை. அவர் போன பிறகு, நைட் ஷிப்டில் நம்ம பையன் தனியாக ஓட்டணும். அப்போதுதான் பழக்கியது பழக்கியதாகும்.

இப்போ நம்ம பக்கம் பார்ப்போம். குருக்கள், மேளக்காரர் என்று பல ஆலயங்களில் தமிழ்நாட்டையும் இலங்கையையும் நம்பியிருக்கோம். பெர்மிட் தாமதமானால் தவிக்கிறோம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லை மூடியபோதே இதை யோசித்திருக்கணும்.

கருவறைப் பூஜைக்குத் தீட்சையும் பல வருஷப் படிப்பும் வேணும். அது பத்து நாளில் வராது. ஆனால் தேவாரம் ஓதுவது, சமய வகுப்பு நடத்துவது, துக்க வீட்டில் போய் உட்கார்ந்து திருமுறை படிப்பது, ஆஸ்பத்திரியில் கிடக்கும் பக்தரைப் பார்த்துத் திருநீறு பூசி ஆறுதல் சொல்வது, இதுக்கெல்லாம் நம்ம பிள்ளைகளே போதும். கஷ்டத்தில் இருப்பவர் மனசு, முதலில் வந்து கையைப் பிடித்தவர் பக்கம்தான் சாயும். அந்த இடத்தில் நம்ம ஆள் ஒருவரும் இல்லை என்றால், வந்தவரைக் குறை சொல்லி என்ன பயன்?

எங்கள் கருத்து இதுதான். சுற்றுவட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு சின்ன ஆலயத்திலிருந்தும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்போம். வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறையில் பத்து நாள் பயிற்சி கொடுப்போம். முடிந்ததும் சான்றிதழ், பொன்னாடை, போட்டோ என்று நிறுத்திவிடக் கூடாது. அவங்க ஊர் ஆலயத்தில் அவங்களே வாராவாரம் வகுப்பு நடத்தணும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நாங்க போய்ப் பார்ப்போம். தடங்கல் இருந்தால் உதவுவோம், நாற்காலியைப் பிடித்துக்கொள்ள மாட்டோம்.

செலவு எங்கே என்று கேட்பீங்க. திருவிழாவில் ஒரு நாள் பூ அலங்காரத்தைக் கொஞ்சம் குறைத்தாலே போதும் என்று நினைக்கிறோம். அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பொறுப்பாளர்களும் பெற்றோர்களும் உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பெயரையும் கொடுங்கள்.

திருச்சிற்றம்பலம்.