கொடி வாங்காதீங்க, விதை போடுங்க



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. தென்காசி வரை காற்று குளுகுளுவென்று இருக்கிறது. இந்த வாரமே கேந்தி விதை போட்டால் ஆகஸ்ட் 15-க்குப் பூத்துவிடும். ஆரஞ்சுக் கேந்தி என்று கேட்டு வாங்குங்கள். ஒரு வருஷம் பள்ளியில் நாங்கள் போட்டது முழுக்க மஞ்சளாகப் பூத்து மானத்தை வாங்கியது! வெள்ளைக்கு நந்தியாவட்டைத் தொட்டி, பச்சைக்குத் துளசி, சக்கரத்துக்குச் சங்குப்பூ. பாத்தியை மேடாக்குங்கள், தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும்.

பிளாஸ்டிக் கொடிக்கு 2022 ஜூலை 1 முதல் தடை. அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் 16-ம் தேதி காலையில் சாக்கடையோரம் கொடி பொறுக்கியிருக்கிறேன். முந்தின நாள் அவற்றை உங்கள் சட்டையில் குத்திவிட்டதும் நான்தான். அது இன்னும் உறுத்துகிறது.

என்னிடம் விதை இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் பேரப்பிள்ளைகளோடு வாருங்கள்.