பிரதி யாரிடம் இருக்கிறது?

திரைப்படத்தையும் கணினி விளையாட்டையும் வட்டாக வாங்கி வைப்பதா, இணையத்தில் பணம் கட்டிப் பார்த்துவிட்டுப் போவதா என்ற விவாதம் மேல்நாடுகளில் இன்னும் ஓயவில்லை. வணிக நிறுவனங்கள் தம்மளவில் அதற்கு முடிவு கட்டிவிட்டன என்றே சொல்லலாம். அஞ்சலில் டிவிடி அனுப்பித் தொழில் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ் அந்தச் சேவையை 2023 செப்டெம்பரில் நிறுத்தியது. அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகள் 2024 இல் திரைப்பட வட்டுகளின் விற்பனையைக் கைவிட்டன. வீடியோ டெக்குகளைக் கடைசிவரை தயாரித்துவந்த யப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 யூலையிலேயே அத்தயாரிப்பை நிறுத்திவிட்டது.

இவ்விவாதத்தைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவை பண்டத்தரிப்பு, சில்லாலை, மாதகல் பக்கத்து வீடுகளின் அலுமாரிகளே. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் ஒருவர் தமது அலுமாரியில் வைத்திருப்பது பெரும்பாலும் பிறர் எடுத்த படங்கள். அவை தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். எங்கள் வீட்டு அலுமாரிகளில் இருப்பவை அப்படிப்பட்டவை அல்ல. மேல்தட்டில் நான்கைந்து சினிமா இறுவட்டுகள் இருக்கலாம். அவற்றுள் பெரும்பாலானவை திருட்டுப் பிரதிகள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்த பின்னரும் எங்கள் சந்திகளில் முறையான வட்டு விற்ற கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவற்றுக்குக் கீழே, பழைய சேலையில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும் ஒளிநாடாக்களே கதையின் மையம். மூத்த மகளின் சாமத்தியச் சடங்கு, மகனின் கலியாணம், அப்பாவின் செத்தவீடு. உலகத்தில் அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. இருந்தால், அது கடல் கடந்து போன ஒரு பிரதியாக இருக்கும்.

கடல் கடந்த அப்பிரதிகளின் கதையைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் மரணச்சடங்கை ஒளிநாடாவில் பதிவது யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கமாகவே வளர்ந்தது. பிள்ளைகள் ஐவரும் ஐந்து நாடுகளில். வரமுடியாது, வந்தால் திரும்பிப் போகமுடியாது. தாயின் முகத்தை அவர்கள் கடைசியாகப் பார்த்தது அந்த நாடாவில்தான். அதுவும் எளிதாக வாய்க்கவில்லை. எங்கள் தொலைக்காட்சி முறை பால். கனடாவின் முறை என்டிஎஸ்சி. ஊரிலிருந்து போன நாடா அங்குள்ள சாதாரண டெக்கில் ஓடாது; மாற்றித் தரும் கடையைத் தேடிப் பணம் கொடுக்க வேண்டும். அங்கிருந்து வந்த பிறந்தநாள் நாடா இங்கே கறுப்பு வெள்ளைக் கோடுகளாக ஓடியது. பின்னர் டிவிடி வந்தபோது அதற்கும் வலய எண் என்று ஒரு பூட்டுப் போட்டார்கள். வட அமெரிக்காவுக்கு 1, மேற்கு ஐரோப்பாவுக்கு 2, அவுஸ்திரேலியாவுக்கு 4, இலங்கை இந்தியாவுக்கு 5. ஒரே குடும்பம் நான்கு வலயங்களில் சிதறிக் கிடந்தது. கடையில் வாங்கிய வட்டுத்தான் அந்தப் பூட்டுடன் வரும். வீட்டில் பதிந்தவற்றுக்கு வலயம் கிடையாது என்பது ஒரு சிறு ஆறுதல்.

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் நின்ற பின்னர் படம் பார்ப்பது எப்படி நடந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் நம்ப மறுப்பார்கள். தொலைக்காட்சிப் பெட்டி, டெக், ஜெனறேற்றர் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்பார்கள். சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒழுங்கை முழுவதும் திரண்டு வந்து முற்றத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, விடியும்வரை மூன்று நான்கு படங்கள் பார்த்துவிட்டுக் கலையும். நாடா பலமுறை ஓடி ஓடித் தேய்ந்திருக்கும். கதாநாயகனின் முகத்தில் மழை பெய்துகொண்டிருக்கும். இருந்தும் கையில் ஒரு நாடாவும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் இருந்தால் படம் உண்டு என்ற உறுதி அக்காலத்தில் இருந்தது. கொழும்பிலோ கலிபோர்னியாவிலோ எவரும் அனுமதி தரத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நடைமுறைக்கு வந்தபோது, மாதக் கட்டணம் செலுத்திப் படம் பார்ப்பவர்கள் தொலைபேசிக் கோபுரங்களின் மின்கலம் தீர்வதை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இணையத்தில் 'வாங்கும்' பொருள் நம்முடையதல்ல என்பதை இப்போது சட்டமே ஒப்புக்கொள்கிறது. அமேசான் 2009 யூலையில் வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து சில நூல்களைச் சொல்லாமல் அழித்தது. அழிக்கப்பட்டவற்றில் ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' உம் ஒன்று என்பதைக் கதையாக எழுதியிருந்தால் பத்திராதிபர் மிகை என்று வெட்டியிருப்பார். மைக்ரோசொஃப்ட் 2019 இல் தனது மின்னூல் கடையை மூடியபோது பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, நூல்களை எடுத்துக்கொண்டது. கலிபோர்னியாவில் 2025 சனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, விற்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்ற சொல்லைக் கடைகள் பயன்படுத்த முடியாது. சொல்லைத் திருத்தினார்கள், நிலைமையைத் திருத்தவில்லை.

விளையாட்டுகளின் நிலை இன்னும் மோசம். வட்டு வாங்கியவர்களுக்கே அங்கு பாதுகாப்பு இல்லை. யூபிசொஃப்ட் 2014 இல் விற்ற 'த குரூ' என்ற காரோட்ட விளையாட்டின் வழங்கிகளை 2024 மார்ச் 31 இல் நிறுத்தியது. அதன் பிறகு வட்டு கையில் இருந்தவருக்கும் அது வெறும் கண்ணாடித் துண்டு. 2025 யூனில் வெளிவந்த நின்ரெண்டோ ஸ்விட்ச் 2 க்கு விற்கப்படும் சில அட்டைகளுக்குள் விளையாட்டே கிடையாது. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதற்கான திறவுகோல் மட்டும் உண்டு. 2024 மே மாதத்தில் 'ஹெல்டைவர்ஸ் 2' என்ற விளையாட்டின் விற்பனையைச் சோனி நிறுவனம் 170 க்கும் மேற்பட்ட நாடுகளில் விலக்கிக்கொண்டது. அதன் வலையமைப்புச் சேவை அந்நாடுகளில் உத்தியோகபூர்வமாக இல்லை என்பதே காரணம். அவற்றில் இலங்கையும் ஒன்று. எங்கள் பிள்ளைகள் இந்தியாவில் அல்லது அமெரிக்காவில் வசிப்பதாகப் பொய் முகவரி கொடுத்தே விளையாட வேண்டியிருந்தது.

அப்படியானால் வட்டுதான் வழி என்று முடித்துவிடலாமா? எங்கள் அனுபவம் அதற்கும் இடம் தரவில்லை. 1981 யூன் 1 ஆம் திகதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன என்பது எல்லோரும் அறிந்தது. அந்த நாள்களிலேயே ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. அதனுடன் பத்திரிகைக் கோவைகளும் போயின. பத்திரிகைக்காரர்களுக்கு அது எத்தகைய இழப்பு என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பின்னாளில் ஒன்று புலப்பட்டது. அச்சில் பல இடங்களில் இருந்த நூல்களை மீண்டும் சேர்க்க முடிந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் போனவை போனவைதான். நெருப்புக்குத் தாளென்றும் நாடாவென்றும் வேறுபாடு தெரியாது.

எங்கள் சினிமாவுக்கும் அதே கதி. 1962 இல் 16 மில்லிமீற்றரில் எடுத்த 'சமுதாயம்' தொடங்கி இலங்கையில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்கள் அதிகமல்ல. 1983 யூலைக் கலவரத்தில் ஹெந்தளையில் இருந்த கே. குணரத்தினத்தின் விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. அதில் அழிந்தவற்றுள் சிங்களப் படங்களின் மூலச்சுருள்களே நிறைய என்பதை எரித்தவர்கள் பின்னராவது அறிந்தார்களோ தெரியாது. 1972 இல் 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்த கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜாதான் எரிந்த நூலகத்தை மீளக் கட்டும் பணியிலும் ஈடுபட்டவர். அதற்கு நிகரான ஒரு கட்டடம் எங்கள் படங்களுக்கு இன்றுவரை எழவில்லை. காவலூர் இராசதுரை எழுதி, தர்மசேன பத்திராஜ 1977 இல் யாழ்ப்பாணத்தை அப்படியே பிடித்த 'பொன்மணி'யைப் பிற்காலத்தில் திரையிட முடிந்ததற்குக் காரணம் ஒரு பிரதி எங்கோ தப்பியிருந்தது என்பது மட்டுமே. அந்தப் படத்தின் தெருக்களில் பாதி இன்று இல்லை.

தமிழகத்திலும் 1931 இன் 'காளிதாஸ்' இல்லை; அதற்கு முந்திய மௌனப் படங்களும் இல்லை. தென்னிந்தியாவில் தப்பிய மௌனப் படங்களில் ஒன்று நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்த 'மார்த்தாண்டவர்மா' (1933). அது தப்பிய விதம் வேடிக்கையானது. நாவலின் உரிமை தமக்கே என்று திருவனந்தபுரத்துப் பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. படம் நிறுத்தப்பட்டது, பிரதி பதிப்பகத்தார் கைக்குப் போனது. ஊரூராக ஓடித் தேய்ந்து அழிய வேண்டிய படம், புத்தகக் கடையில் நாற்பது ஆண்டுகள் கிடந்து, 1974 இல் புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சென்றடைந்தது. அதே புனேயில் 2003 சனவரியில் நைத்திரேற்றுச் சுருள்கள் இருந்த அறை எரிந்து பழைய படங்கள் பல அழிந்தன. புத்தகக் கடை காத்ததைப் போலக் காப்பகம் காக்கவில்லை என்று யாரையும் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஓரிடத்தில் இருப்பது, அது எவ்வளவு நல்ல இடமாயினும், ஓரிடத்தில் இருப்பதுதான்.

இன்னொன்றும் உண்டு. வட்டு என்பது வீட்டில் கிடக்கும் சாட்சி. 1995 யூலையிலும் ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவிலும் வலிகாமத்து மக்கள் கையில் எடுத்துப் போனவை அடையாள அட்டை, காணி உறுதி, நகை, இரண்டு உடுப்பு. புகைப்படத் தொகுப்பை எடுத்தவர்கள் சிலர். ஒளிநாடாவை எடுத்தவர்கள் மிகச் சிலர். பின்னர் சோதனைச் சாவடிகளின் காலம். ஒரு பொது நிகழ்வின் பின்னணியில் யாருடைய முகம் விழுந்திருக்கிறது என்ற அச்சத்தில் எத்தனை வீட்டு நாடாக்கள் கிணற்றடியில் புதைக்கப்பட்டன, எத்தனை அடுப்பில் போயின என்பதற்குக் கணக்கில்லை. கலியாண நாடாவைக்கூட எரித்தவர்களை எனக்குத் தெரியும். மாப்பிள்ளைத் தோழன் இயக்கத்துக்குப் போயிருந்தான், அதுதான் காரணம்.

ஆகவே என் கருத்தைச் சொல்கிறேன். உலகம் முழுவதும் ஓடும் படத்துக்கு வட்டு வாங்கி அலுமாரியை நிறைக்க வேண்டியதில்லை. ரஜினியின் படம் நாளை ஒரு நிறுவனத்திடம் இல்லாவிட்டால் இன்னொன்றிடம் இருக்கும். அதற்கு மாதக் கட்டணம் போதும், மனம் இருப்பவர்கள் திரையரங்குக்குப் போகலாம். ஆனால் எவருக்கும் வணிகப் பயன் தராத, நமக்கு மட்டுமே பொருளுள்ள படங்களை எந்த நிறுவனத்தின் கையிலும் தனியே விட்டுவிட முடியாது. இங்கேதான் நம்மவர்கள் தலைகீழாக நடக்கிறார்கள். சினிமாவைச் சேமிக்கிறார்கள், செத்தவீட்டை ஃபேஸ்புக்கில் விடுகிறார்கள்.

இன்று ஊரில் ஒரு மரணம் நிகழ்ந்தால் நேரலை உண்டு. சிட்னியிலும் ஒஸ்லோவிலும் இருந்து அழுகிறார்கள். நல்லதுதான், நாடா அஞ்சலில் வர ஒரு மாதம் காத்திருந்த காலத்தை எண்ணினால் இது பெரும் பேறு. ஆயினும் 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் ஓர் அறிவித்தல் விடுத்தது. நேரலைப் பதிவுகள் இனி 30 நாள்கள் மட்டுமே இருக்கும், பழையவையும் நீக்கப்படும், இறக்கிக்கொள்வதற்கு அறிவித்தலிலிருந்து 90 நாள் அவகாசம். கீரிமலையில் அந்தியேட்டி 31 ஆம் நாள். அதற்கு முதல் நாளே படம் போய்விடும். ஆங்கிலத்தில் வந்த அவ்வறிவித்தலை எத்தனை வீட்டில் படித்திருப்பார்கள்?

பழைய நாடாக்களை வைத்திருப்பவர்களும் அமைதியாக இருந்துவிட முடியாது. எங்கள் மாரிகாலத்து ஈரத்தில் நாடாவில் வெண்பூஞ்சணம் படர்கிறது. அப்படியே டெக்கில் போட்டால் நாடாவும் கெடும், டெக்கின் தலையும் கெடும். முதலில் துடைப்பிக்க வேண்டும். 2002 ஏப்பிரலில் ஏ-9 பாதை திறந்த பின்னர் அவசரமாக இறுவட்டுக்கு மாற்றிவிட்டு நாடாவை வீசியவர்கள் நிலைமை இன்னும் கடினம். ஆலையில் அச்சிட்ட வட்டில் குழிகளாகப் பதிவு இருக்கும். கடையில் எழுதித் தந்த வட்டில் இருப்பது ஒரு சாயம். வெயிலும் வெக்கையும் அதற்கு ஆகா. பல வட்டுகள் இப்போது பாதியில் நின்றுவிடுகின்றன.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. நாடாவைக் கோப்பாக மாற்றி, ஒரு வன்தட்டு ஊரில், ஒன்று வெளிநாட்டுப் பிள்ளையிடம், இன்னொரு பிரதி இணையத்தில் என மூன்றாக வைத்தால் ஒரே நாளில் மூன்றும் அழிவது அரிது. பொதுப் பயன் உடையவற்றை, அதாவது கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, சில்லாலைப் பக்கத்துக் கூத்துகள் போன்றவற்றை, 2005 முதல் எங்கள் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தாரிடம் ஒப்படைப்பது பற்றிக் கேட்கலாம். அவர்கள் ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேர்க்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னர் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. சங்கானை, பண்டத்தரிப்பு, மானிப்பாய்ச் சந்திகளில் தொண்ணூறுகளில் வீடியோப் பிடித்த ஸ்ரூடியோக்காரர்களின் வீடுகள். மூலநாடாக்கள் பல அவர்களிடமே தங்கின. வாடிக்கையாளருக்குப் போனது பிரதி. அவர்களுள் பலர் இப்போது தொழிலை விட்டுவிட்டார்கள், சிலர் இறந்துவிட்டார்கள். நாடாக்கள் மூட்டைகளாகப் பத்தியில் கிடக்கின்றன. வீடு திருத்தும்போது பிள்ளைகள் குப்பை வண்டியில் ஏற்றுகிறார்கள். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் உறவுகள் தங்கள் வீட்டுக் கலியாணத்தைப் பிடித்தவர் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு, அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வரட்டும். டெக் ஒன்று தேவைப்பட்டால், ஓடும் நிலையில் உள்ளவை ஊரில் இன்னும் சில இருக்கின்றன.