எதிர்க்கட்சிக்காரருக்கு மந்திரி பதவி ஏன்? ரூஸ்வெல்ட் போட்ட ரெட்டைக் கணக்கு!

தேர்தல் நெருங்கும் நேரத்தில் எதிர்க்கட்சிக்காரரைக் கூப்பிட்டு யாராவது மந்திரி பதவி கொடுப்பார்களா? அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கொடுத்தார்!

1940 ஜூன் 20-ந்தேதி அறிவிப்பு வந்தது. ஸ்டிம்சன் ராணுவ மந்திரி. நாக்ஸ் கடற்படை மந்திரி. ரெண்டு பேரும் குடியரசுக் கட்சியின் பெரும் புள்ளிகள். நாக்ஸ், 1936-ல் ரூஸ்வெல்ட் அணியை எதிர்த்துத் துணை ஜனாதிபதி பதவிக்கு நின்று தோற்றவர்.

தேதியைப் பாருங்கள்!

நாலே நாளில், 24-ந்தேதி, பிலடெல்பியாவில் குடியரசுக் கட்சி மாநாடு. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வந்தவர்கள் தலையில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. இருவரையும் கட்சிக்காரர்களே இல்லை என்று ஒதுக்கினார்கள்.

வெறும் தேர்தல் தந்திரமா? அப்படியும் சொல்ல முடியாது. ஜூன் 14-ந்தேதிதான் பாரிஸ் ஹிட்லர் கையில் விழுந்திருந்தது. படையைப் பெருக்கியாக வேண்டும். ஒரே கட்சி செய்தால் 'யுத்த வெறி' என்ற பழி வரும். ரெண்டு கட்சியும் சேர்ந்தால் பழியும் பங்கு!

செப்டம்பரில் கட்டாய ராணுவச் சேர்க்கைச் சட்டம் வந்தது. நவம்பரில் ரூஸ்வெல்ட் 3-வது முறையாக ஜெயித்தார்.

காரியம் முடிந்ததும் கழற்றி விட்டாரா? இல்லை. நாக்ஸ் 1944-ல் சாகும்வரை மந்திரி. ஸ்டிம்சன் 1945 வரை மந்திரி.

எந்த நாட்டிலும் இந்த மாதிரி நியமனத்தை எடைபோட அதுதான் தராசு: ஓட்டு எண்ணி முடிந்தபின் அந்த நாற்காலி என்ன ஆச்சு?