பழுது பெட்டியில் இல்லை, சுவரில் இருக்கின்றது

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இப்போது புதியதொரு வழிபாடு நடைபெறுகின்றது. வரவேற்பறையின் ஒரு சுவரை அடைத்துக்கொண்டு தொலைக்காட்சி, இருமருங்கிலும் ஆளுயர ஒலிபெருக்கிகள், மூலையில் சப்வூபர், முதுகுப்புறம் இரண்டு, மேற்றளத்தில் மேலும் இரண்டு. இவ்வளவுக்கும் இலட்சங்களைக் கொட்டிய பின்னர், கதாநாயகி என்ன சொன்னாள் என்று வீட்டுக்காரர் பக்கத்திலிருப்பவரைக் கேட்கின்றார். தமிழ்ப் படத்தை ஆங்கிலத் துணையெழுத்தின் உதவியோடு பார்க்கும் தமிழர்கள் பெருகிவிட்டனர்.

பேச்சு விளங்கவில்லை என்றதும் இவர்கள் ஓடுவது கடைக்குத்தான். "வாட்ஸ் போதாது, இதைவிடப் பெரியதொன்று எடுங்கள்" என்கிறார் விற்பனையாளர். நான் இங்கு சொல்ல விரும்புவது இதுதான்: பெரும்பாலான வீடுகளில் பழுது பெட்டியில் இல்லை, அறையில் இருக்கின்றது. அறையைப் பெட்டியில் அடைத்து விற்க முடியாது என்பதால் கடையில் எவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வாட்ஸ் கணக்கை முதலிற் பார்ப்போம். 50 வாட்ஸை 100 ஆக்கினால் ஒலிமட்டம் உயர்வது வெறும் 3 டெசிபல். காதுக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அப்படி உயர்த்தினாலும் பேச்சு தெளியாது. ஒலிபெருக்கியிலிருந்து நேராக வரும் ஒலியும், சுவர்களில் மோதித் திரும்பி வரும் ஒலியும் ஒரே அளவில் உயர்கின்றன. ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறுவதில்லை. குழம்பிய பேச்சு, உரத்த குழப்பமாகின்றது, அவ்வளவே.

இதில் தமிழுக்கென்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு. நம் மொழியில் வினைமுற்றின் திணையும் பாலும் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. "வந்தான்" என்பதையும் "வந்தாள்" என்பதையும் பிரிப்பது மெலிந்து ஒலிக்கும் ஒரு மெய்யெழுத்து. முன்னைய அசையின் எதிரொலி அடங்குமுன் அடுத்தது வந்து விழும் அறையில் முதலில் மடிவது அந்த மெய்தான். வயது ஏற ஏற உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறனே முதலிற் குறைகின்றது. அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று சொல்லும் வீடுகளில், குற்றத்தின் பாதியையாவது சுவர்மீது சுமத்தலாம்.

கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஓட்டுக்கூரை, பலகைத் தட்டு, பிரம்பு நாற்காலி, எந்நேரமும் திறந்த யன்னல். அங்கே ஒரு சிறிய வானொலிப் பெட்டியிலிருந்து வந்த நாடகத்தின் ஒவ்வொரு சொல்லும் தெருவரை விளங்கியது. இலங்கை வானொலி அறிவிப்பாளரின் குரல்வளத்தைக் கொண்டாடுகின்றோம், தகும். எதிரொலி அடக்கப்பட்ட கலையகத்துக்கும் அந்தத் தெளிவில் பங்குண்டு என்பதை மறந்துவிடுகின்றோம். இன்றைய தொடர்மாடி வீடோ கொங்கிறீற்றுச் சுவர், பளிங்குபோன்ற தரையோடு, பெரிய கண்ணாடிக் கதவு. குளிரூட்டிக்காக எல்லாம் இறுக மூடப்பட்டிருக்கும். நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டிப் பாருங்கள். "கிண்" என்று நீளும் அந்த ஒலிதான் உங்கள் எதிரி.

எதிரொலி எங்கும் தீமையானதன்று. கொட்டாஞ்சேனையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்புவித்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தில் நாதசுரத்துக்கு அது அழகு சேர்க்கின்றது. புனித லூசியாள் பேராலயத்தின் பாடகர் குழுவுக்கும் அப்படித்தான். ஆனால் உங்கள் வரவேற்பறையில் நடப்பது பேச்சு, அதுவும் விரைவான பேச்சு.

இவற்றையெல்லாம் நூறாண்டுக்கு முன்னரே ஒருவர் அளந்து வைத்துவிட்டார். 1895 இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் திறக்கப்பட்ட ஒரு விரிவுரை மண்டபத்தில், பேசுபவரின் சொல் ஐந்து செக்கனுக்கு மேலாக நின்று ஒலித்தது. அதைச் சீர்செய்யும் பொறுப்பு வலஸ் சபீன் என்ற இளம் பௌதிக ஆசிரியருக்குக் கிடைத்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவிற் சுமந்து வந்து பரப்பி, ஓர் ஓர்கன் குழலை ஊதி, ஒலி எப்போது அடங்குகின்றதென்று அவர் அளந்தார். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. அறையின் கனவளவை 0.161 ஆற் பெருக்கி, மொத்த உறிஞ்சுபரப்பால் வகுத்தால் எதிரொலி நேரம் செக்கனில் கிடைக்கும் என்பது அவர் கண்ட விதி. உறிஞ்சுபரப்புக்கு அவர் கொண்ட அலகு திறந்த யன்னல். யன்னல் வழியே போன ஒலி திரும்பி வருவதில்லையல்லவா?

அந்த விதியை இங்கே போட்டுப் பார்ப்போம். 5 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம் கொண்ட அறை. கனவளவு 60 கன மீற்றர். வெறும் சுவரும் தரையும் ஒரு சோபாவும் சில மனிதரும் சேர்ந்து ஏறத்தாழ 7 சதுர மீற்றர் திறந்த யன்னலுக்கு ஈடாகின்றன. எதிரொலி நேரம் 1.4 செக்கன். கண்ணாடிக் கதவுக்குக் கனத்த, மடிப்புள்ள திரை 3 சதுர மீற்றரைக் கூட்டும். தடித்த கம்பளம் இன்னொரு மூன்று. 4 அடிக்கு 2 அடியான உறிஞ்சு பலகை எட்டு, 6 சதுர மீற்றர் வரை. மொத்தம் 19. இப்போது எதிரொலி நேரம் அரைச் செக்கன். உங்கள் பழைய ஒலிபெருக்கியே புதிதாகிவிடும்.

பலகை செய்வது பெரிய வித்தையன்று. நான்கு அங்குல ஆழமுள்ள மரச்சட்டம். அதனுள் இரண்டு அங்குல ரொக்வூல் பாளம் இரண்டு. மேலே, வாயில் வைத்து ஊதினால் காற்றுப் போகும் பருத்தித் துணி. பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான், புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி, மிகுதிக்கு ஒரு தச்சர். நார் தோலை அரிக்கும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து வேலை செய்யவேண்டும். சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விலக்கித் தொங்கவிட்டால் பயன் கூடும், கடற்காற்று ஈரமும் பின்னால் தேங்காது. எங்கே மாட்டுவது? நீங்கள் வழமையான இருக்கையில் அமருங்கள். ஒருவர் பக்கச் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்தட்டும். எந்த இடத்தில் ஒலிபெருக்கி கண்ணாடியிற் தெரிகின்றதோ அங்கே முதற் பலகை. பக்கச் சுவர்களுக்கு இரண்டிரண்டு, பின்சுவருக்கு இரண்டு, முன் மூலைகளுக்கு இரண்டு. முழுச் செலவும் ஒரு நடுத்தர அம்ப்ளிபயரின் விலையைத் தொடாது.

இனி, சுருக்கு வழி சொல்வோரிடம் வருகின்றேன். முட்டைத் தட்டு ஒட்டச் சொல்கிறார்கள் சிலர். மெல்லிய காகிதக் கூழ் அது; உயர்ந்த ஒலிகளிற் சிறிதளவைத் தடுமாறச் செய்யும், தாழ்ந்த ஒலிகளை அண்டாது; கொழும்பில் கரப்பானுக்குக் குடியிருப்பாகும். ஓர் அங்குல ஸ்பொஞ்ச் ஒட்டச் சொல்கிறார்கள் வேறு சிலர். 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீற்றர், அதை ஓர் அங்குலத்தால் மறிக்க இயலுமா? கூர்மையை மட்டும் விழுங்கிவிட்டு உறுமலை அப்படியே விட்டுவைப்பதால் அறை முன்னிலும் மோசமாகின்றது. மைக்கை வைத்தால் கருவியே அறையைத் திருத்திவிடும் என்பது மூன்றாவது கட்சி. ஒலியின் அளவுகளை அது ஓரளவு ஒழுங்குபடுத்தும், உண்மை. புறப்பட்ட ஒலி சுவரில் மோதுவதை எந்த மென்பொருளும் தடுத்ததில்லை.

ஸ்பொஞ்சைப் பற்றி நான் கடுமையாகப் பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2003 பெப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'ஸ்டேஷன்' இரவு விடுதியில் 100 பேர். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாந்தா மரியாவில் 'கிஸ்' விடுதியில் 242 பேர். 2015 ஒக்டோபரில் புக்கரெஸ்டின் 'கொலெக்டிவ்' விடுதியில் 64 பேர். மூன்றிலும் வாணவேடிக்கைப் பொறி பற்றியது ஒலியடக்க ஒட்டியிருந்த ஸ்பொஞ்சில்தான். சில நிமிடங்களில் நச்சுப்புகை இடத்தை நிரப்பியது. உங்கள் வீட்டில் வாணவேடிக்கை இல்லாதிருக்கலாம்; கார்த்திகை விளக்கும் மின்கசிவும் உண்டு. ஏழாம் மாடியிலிருந்து இறங்க ஒரே படிக்கட்டு. ரொக்வூல் கல்லை உருக்கி இழைத்த நார், எரியாது. நம் நாட்டுத் தென்னந்தும்பும் ஒலியை உறிஞ்சும் என்பர், மெய்தான். ஆனால் தும்பு தீப்பற்றும், ஈரத்தில் பூஞ்சணமும் பிடிக்கும்.

கடைசியாக ஒரு மயக்கத்தையும் தீர்த்துவிடுகின்றேன். இந்தப் பலகைகள் அயல்வீட்டுக்கு ஒலி போவதைத் தடுக்கமாட்டா; கரையோர ரயிலின் இரைச்சல் உள்ளே வருவதையும் தடுக்கமாட்டா. அதற்குக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். ஆயினும் சொல் தெளிவாகக் கேட்குமிடத்தில் ஒலியைக் கூட்டவேண்டிய தேவை குறைகின்றது. 2007 நவம்பரில் நமது உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி கூடாதென்பதைப் பொதுவிதியாக்கியது. அது பொது இடங்களைப் பற்றியது. வீட்டுக்குள் அந்த விதியை எழுதவேண்டியவர் வீட்டுக்காரர்தான். கீழ்வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மேசையை உங்கள் சப்வூபர் நடுங்க வைக்கக்கூடாது.

அடுத்த முறை கடைக்குப் போகப் பணத்தை எடுத்து வைத்திருப்பவர்கள், அதற்குமுன் நடுவீட்டில் நின்று கையைத் தட்டுங்கள். சுவர் பதில் சொன்னால், பணம் சுவருக்குப் போகட்டும்.